ஃபைட்டர் மீன் அடம் பிடிக்கலை, நாமதான் பிடிக்கிறோம்

வீட்டுல மீன் வளர்க்கிற ஆளுங்க ரெண்டு பேர் சந்திச்சா அஞ்சாவது நிமிஷத்துல இந்தப் புலம்பல் வந்துடும். "எங்க ஃபைட்டர் ரொம்ப அடம்ங்க. எதைப் போட்டாலும் வாயில வாங்கித் துப்புது. மூணு கம்பெனி தீனி மாத்திட்டேன், ஒண்ணையும் தொட மாட்டேங்குது." ஆபீஸ் பேன்ட்ரில கேட்டிருக்கேன், எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல கேட்டிருக்கேன், பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில மீன் பாக்கெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்பவும் கேட்டிருக்கேன்.

என் கருத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். முக்கால்வாசி நேரம் அந்த மீன் அடம் பிடிக்கலை. அது வாயில்லா ஜீவன். "இங்க எனக்கு ஏதோ சரியில்லை"ன்னு சொல்றதுக்கு அதுகிட்ட இருக்கிறது ஒரே வழி, சாப்பாட்டை வேண்டாம்னு சொல்றது. அதைப் போய் நாம 'அடம்'னு பேர் வச்சு முடிச்சுடறோம். பேர் வச்சாச்சுன்னா அப்புறம் நம்ம பக்கம் தப்பு எதுவும் இல்லைன்னு ஆயிடுது பாருங்க, அதான் சௌகரியம்.

சண்டைக்கு வர்றவங்க கொஞ்சம் பொறுங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல இந்த ஆளு யாருன்னு பார்ப்போம். நம்ம ஊர்ல ஃபைட்டர்னு சொல்ற இந்த மீனோட அதிகாரப்பூர்வப் பேரு பெட்டா ஸ்ப்ளென்டன்ஸ். 1910-ல டேட் ரீகன்கிற பிரிட்டிஷ் விலங்கியல்காரர் வச்சது. சொந்த ஊர் தாய்லாந்து. அங்க 'ப்ளா கட்'னு கூப்பிடுவாங்க, கடிக்கிற மீன்னு அர்த்தம். நம்ம ஊர்ல சேவல் சண்டை மாதிரி அங்க மீன் சண்டை. 2019-ல தாய்லாந்து அரசாங்கம் இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சுடுச்சு. மனுஷன் இதைப் பிடிச்சு வளர்க்க ஆரம்பிச்சுப் பல நூறு வருஷம் ஆச்சு. அந்த நூற்றாண்டுகள்ல வாலை நீளமாக்கினோம், கலரை ஏத்தினோம், கோபத்தையும் ஏத்தினோம். வயித்தை மட்டும் மாத்த முடியலை.

வயிறு இன்னும் அந்தப் பழைய வயல்காட்டு வயிறுதான். நெல் வயல், சதுப்பு, தேங்கின வாய்க்கால்னு ஆழம் இல்லாத தண்ணியில இருந்துக்கிட்டு, மேல வந்து விழுற பூச்சி, கொசுப்புழு, தண்ணிக்குள்ள நெளியற சின்னச் சின்ன உயிருங்க, இதையெல்லாம் வேட்டையாடித் தின்னுற மீன். அதோட வாயைக் கவனிச்சிருக்கீங்களா? மேல் பார்த்து இருக்கும். தண்ணியோட மேல்மட்டத்துல இருக்கிறதைப் பிடிக்கிறதுக்கான அமைப்பு அது. தரையில போய் விழுந்த தீனியைப் பல ஃபைட்டருங்க திரும்பிக்கூடப் பார்க்காது. அது திமிர் இல்லைங்க, டிசைன் :-)

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். தமிழனுக்கு மீனுக்குத் தீனி போடறதுன்னா என்ன? பொரி. கோயில் குளம், படிக்கட்டு, கையில ஒரு பாக்கெட் பொரி. மயிலாப்பூர் தெப்பக்குளம் ஆகட்டும், நம்ம பக்கத்துல திருநீர்மலை ஆகட்டும், சின்ன வயசுல இருந்து நாம பார்த்தது அதுதான். பொரியை வீசினா தண்ணியே கொதிக்கிற மாதிரி மீனுங்க மேல வரும். அந்தக் காட்சி மனசுல பதிஞ்சுடுச்சு. மீன்னா பசியில அலையும், போட்டா ஓடி வரும், எவ்வளவு போட்டாலும் தின்னும். ஆனா அங்க இருக்கிறது பெரும்பாலும் கெண்டை வகையறா. இலை, பாசி, அரிசி, பொரின்னு கிடைச்சதைத் தின்னு செரிக்கிற கூட்டம். ஃபைட்டர் அந்தக் கட்சி இல்லை. அது சுத்த அசைவம்.

எங்க அபார்ட்மென்ட்ல ஒரு மாமி இருக்காங்க. பேத்தி ஆசைப்பட்டான்னு ஒரு சிவப்பு ஃபைட்டர் வாங்கி வச்சிருந்தாங்க. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ மீன் வளர்க்கிறியாமே. இது நாலு நாளா எதையும் தொட மாட்டேங்கறதுப்பா. பொரி போட்டேன், பிஸ்கட் தூள் போட்டேன், சாதம்கூட நன்னா மசிச்சுப் போட்டேன்"னு சொன்னாங்க. சொல்லும்போது முகத்துல நிஜமாவே கவலை. பேரன் பேத்தி சாப்பிடலைன்னா வர்ற அதே கவலை. நான் மெதுவா, "மாமி, இது புழு பூச்சி திங்கற மீன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்போ எங்காத்து ஃப்ரிட்ஜுல புழு வைக்கணுமா?"ன்னு கேட்டாங்க பாருங்க... அது நியாயமான கேள்விங்க. சிரிக்கிற கேள்வி இல்லை.

வீட்டுல சைவம்னா சைவமாவே இருங்க, யாரும் வேண்டாம்னு சொல்லலை. ஆனா நம்ம கொள்கையை ஒரு பூச்சி தின்னி மேல ஏத்தக்கூடாது. ஃப்ரீசர்ல புழு வைக்க மனசு வரலைன்னா, மீன் தூள் அதிகமா இருக்கிற நல்ல பெல்லட் வாங்குங்க. டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் முடியாதுன்னா கப்பி, மோலி மாதிரி பாசியும் சேர்த்துத் தின்னுற மீன் வளர்க்கலாம், அதுங்களுக்கு ஸ்பைருலினா தீனி கிடைக்குது. மாமி முதல் வழிக்கு ஒத்துக்கிட்டாங்க. டப்பா மட்டும் சமையலறைக்கு வெளியில, செருப்பு ஸ்டாண்டு மேல :-)

சரி, சரியான தீனி வாங்கியாச்சு. அப்பவும் சாப்பிடலைன்னா? இங்கதான் நம்ம சாஃப்ட்வேர் புத்தியைக் கொஞ்சம் உபயோகிக்கணும். புரோகிராம் ஓடலைன்னா நல்ல ஆளு என்ன பண்ணுவான்? லாக் ஃபைலைத் திறந்து பார்ப்பான். மோசமான ஆளு கண்ட வரியையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பார்ப்பான். மீன் விஷயத்துல நாம ரெண்டாவது ஆளுங்க. சாப்பிடலையா, பிராண்ட் மாத்து. அப்பவும் சாப்பிடலையா, இன்னும் கொஞ்சம் போடு.

இதுல ஒரு முடிவில்லாத லூப் இருக்கு. சாப்பிடாத பெல்லட் அடியில போய் ஊறி அழுகும். அழுகினா அம்மோனியா வரும். மீனோட கழிவுலயும் செவுள் வழியாவும் வர்றதும் அதே அம்மோனியாதான். பழகின பெரிய தொட்டியில நல்ல பாக்டீரியா இருக்கும், அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தி, அதை நைட்ரேட்டா மாத்தி, விஷத்தைக் குறைச்சுடும். அந்தப் பாக்டீரியா செட்டாகவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நேத்து வாங்கின அரை லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்துல அது எங்க இருக்கும்? அம்மோனியா ஏறினா செவுள் எரியும், மீனுக்குப் பசி போயிடும். பசி போனா இன்னும் சாப்பிடாது. நாம இன்னும் போடுவோம். அது இன்னும் அழுகும். இப்படியே சுத்திச் சுத்தி ஒரு காலையில மீன் மல்லாந்து கிடக்கும். "என்ன தீனி போட்டும் சாப்பிடாமலே செத்துப் போச்சு, அவ்வளவு அடம்"னு சொல்லிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குக் கிளம்பிடுவோம்.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது தண்ணி. நம்ம பல்லாவரம் ஏரியாவுல தண்ணி ஒரு தனிக் கதை. ஒரே வீட்டுல போர் தண்ணி, லாரி தண்ணி, கேன் தண்ணி மூணும் வரும். ஃபைட்டர் ஓரளவு உப்புக் கடினத் தண்ணியையும் தாங்கும், பழகிக்கும். அது தாங்காதது திடீர் மாத்தம். இன்னிக்கு போர், அடுத்த வாரம் கேன்னு மாத்தினா அதுக்கு வாரா வாரம் வீடு மாத்தின மாதிரி. ஏதாவது ஒண்ணுல நில்லுங்க. குழாய்த் தண்ணியில குளோரின் வாசனை வந்தா ஒரு ராத்திரி பக்கெட்டுல திறந்து வச்சிட்டு ஊத்துங்க, இல்லைன்னா கடையில கிடைக்கிற குளோரின் நீக்கி ரெண்டு சொட்டு விடுங்க. வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணி மாத்தினாப் போதும். மொத்தத் தண்ணியையும் கொட்டி, கிண்ணத்தை சோப்புப் போட்டுப் பளபளன்னு தேய்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது, சூடு. சென்னையில போய் மீனுக்குக் குளிருமான்னு கேட்காதீங்க. குளிரும். ஃபைட்டருக்கு 25-ல இருந்து 28 டிகிரி வரைக்கும் சுகம். மீனுக்கு உடம்புச் சூடுன்னு தனியா கிடையாது, தண்ணி என்ன சூடோ அதுதான் அதுவும். தண்ணி ஆறினா செரிமானம் மெதுவாகும், பசி குறையும். மார்கழி ராத்திரியில இங்க 20, 21 டிகிரிக்கு இறங்கும். அதைவிட மோசம் நம்ம ஏசி. ராத்திரி பூரா ரூம்ல 22-ல ஏசி, மேஜை மேல குட்டிக் கிண்ணத்துல ஃபைட்டர். காலையில எட்டு மணிக்கு ரேடியல் ரோட்டுல டிராஃபிக் ஏறதுக்கு முன்னாடி கிளம்பணும்னு அவசரம் அவசரமா நாலு பெல்லட் போடறோம். விறைச்சுப் போன மீன் எங்கங்க சாப்பிடும்? கிண்ணத்தை ஏசி இல்லாத ரூமுக்கு மாத்துங்க. இல்லை, பத்துப் பதினைஞ்சு லிட்டர் தொட்டி வாங்கி ஒரு சின்ன ஹீட்டர் போடுங்க. நிறையத் தண்ணி இருந்தா சூடும் சட்டுன்னு ஏறி இறங்காது, அம்மோனியாவும் சட்டுன்னு ஏறாது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

மூணாவது, வியாதி. செதிலெல்லாம் தூக்கிக்கிட்டு அன்னாசிப் பழம் மாதிரி இருக்கா, உடம்புல உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கா, துடுப்பை ஒடுக்கிக்கிட்டு மூலையில கிடக்கா, வயிறு ஒரு பக்கமா உப்பியிருக்கா... இதெல்லாம் இருந்தா தீனி ஆராய்ச்சியை நிறுத்திட்டு வைத்தியத்தைப் பாருங்க.

இந்த மூணும் சரியா இருந்து, அப்பவும் பெல்லட்டைத் துப்பினா, அதுதான் நிஜமான அடம். அப்படியும் ஆளுங்க உண்டு, ஒத்துக்கறேன். என் மீன் பாட்ஷா (கருநீலம், நடையில ஒரு கெத்து, அதான் பேரு) அந்த ரகம். சந்தையில வாங்கினேன். வந்த ஆறு நாளும் பெல்லட்டை வாயில வாங்கும், 'த்தூ'ன்னு துப்பும். தண்ணி நல்லா இருக்கு, சூடு சரியா இருக்கு, ஆளு சுறுசுறுப்பா கண்ணாடியில தன்னைப் பார்த்தே சண்டைக்கு நிக்கிறாரு. காரணம் என்னன்னா, பண்ணையில குஞ்சுல இருந்தே உயிர்ப்புழு போட்டு வளர்ப்பாங்க. நெளியறதுதான் சாப்பாடுன்னு அதுக்குப் பதிஞ்சிருக்கும். கல்லு மாதிரி மிதக்கிற பெல்லட்டைச் சாப்பாடுன்னே அதுக்குத் தெரியாது. இட்லியே பார்க்காதவனுக்கு இட்லி வச்சா முதல்ல பஞ்சான்னுதானே கேட்பான்?

அதுக்கு நான் பண்ணின வழி இதுதான், பலருக்கும் பலிச்ச பழைய வழிதான்:

1. ரெண்டு நாள் பட்டினி. பயப்படாதீங்க. ஆரோக்கியமான பெரிய ஃபைட்டர் ஒரு வாரம் சாப்பிடாமலும் தாக்குப் பிடிக்கும். பட்டினியில செத்த ஃபைட்டரைவிட அதிகமாத் தின்னு செத்த ஃபைட்டர்தான் அதிகம்னு எந்தக் கடைக்காரரும் சத்தியம் பண்ணுவார்.

2. ஃப்ரீஸ் பண்ணின ரத்தப்புழுவை ஒரு மூடியில போட்டுக் கரைய விடுங்க. அந்தச் சிவப்புத் தண்ணியில ரெண்டு பெல்லட்டைப் பத்து நிமிஷம் ஊற வைங்க. பெல்லட் மெதுவாகும், வாசனை ஏறும், அப்புறம் வயித்துக்குள்ள போய் உப்புறதும் குறையும்.

3. ஒரு புழு, அது தின்ன உடனே ஒரு பெல்லட். ஒண்ணே ஒண்ணு. அவசரத்துல புழுன்னு நினைச்சு முழுங்கிடும் :-) துப்பினாலும் உடனே எடுக்காதீங்க. வாயில வாங்கித் துப்பி மறுபடி வாங்கி மென்னு சாப்பிடறது இந்த மீனோட பழக்கம்.

4. அஞ்சு நிமிஷம் கழிச்சும் மிச்சம் கிடந்தா இங்க் ஃபில்லர் வச்சு உறிஞ்சி எடுத்துடுங்க. இதுதான் எல்லாத்தையும்விட முக்கியம்.

5. ரெண்டு வாரத்துல புழுவைக் குறைச்சு பெல்லட்டைக் கூட்டுங்க.

பாட்ஷா பதினோராவது நாள் முதல் பெல்லட்டை முழுங்கினாரு. இப்ப காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, வாரத்துல ரெண்டு நாள் ரத்தப்புழு விருந்து, ஞாயித்துக்கிழமை விரதம். மீனோட வயிறு அதோட கண்ணு அளவுதான்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. துல்லியமான அறிவியல் இல்லை, ஆனா கை தாராளமா போறப்ப பிரேக் போட நல்ல கணக்கு.

இப்ப இதைப் படிச்சிட்டு, "அப்போ உயிர்ப்புழுவே போட்டுட்டுப் போறேனே, அதுக்கும் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம்"னு சிலர் சொல்லுவீங்க. இங்கதான் எனக்குப் பெரிய மாற்றுக் கருத்து. கடையில சிவப்பு நூல் கொத்து மாதிரி நெளியுமே ட்யூபிஃபெக்ஸ், அது எங்க வளருது தெரியுமா? சாக்கடைச் சேத்துல. ஆக்சிஜன் இல்லாத அழுக்குல வாழ்றதுக்காகத்தான் அது உடம்புல அவ்வளவு ஹீமோகுளோபின், அதான் அந்தச் சிவப்பு. எந்த ஊர்ச் சாக்கடை, அதுல என்ன கலந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? தோல் பதனிடற தொழிற்சாலைகளைப் பார்த்த ஊர்ங்க நம்மது, குரோம்பேட்டைக்குப் பேரே அதுல இருந்து வந்ததுதான். சேத்துல என்னென்ன சேரும்னு நமக்குத் தனியா பாடம் எடுக்க வேண்டாம். உயிரோட்டமாதான் வேணும்னா ஆர்டீமியா முட்டை வாங்கி உப்புத் தண்ணியில காத்துக் குழாய் விட்டுப் பொரிச்சுக்குங்க, ஒண்ணு ஒண்ணரை நாள்ல பொரிஞ்சுடும். டாஃப்னியாவும் நல்லது, மலச்சிக்கலுக்கும் கேட்கும்.

இன்னும் சில அண்ணன்மாருங்க மொட்டை மாடியில பக்கெட் வச்சுக் கொசுப்புழு வளர்க்கறாங்க. ஃபைட்டருக்கு அதைவிட இயற்கையான சாப்பாடு இல்லைதான், ஒத்துக்கறேன். ஆனா அண்ணே, ஏடிஸ் கொசு முட்டையில இருந்து பறக்கறதுக்கு ஒரு வாரம், பத்து நாள்தான். நீங்க ஒரு வாரக் கடைசிக்கு ஊருக்குப் போயிட்டு வந்தீங்கன்னா பக்கெட் காலி, தெருவுல டெங்கு. 2021-ல நாம தாம்பரம் மாநகராட்சி ஆனதுக்கு அப்புறமும் வீடு வீடா வந்து தேங்கின தண்ணியைக் கொட்டச் சொல்றாங்களே, அவங்க வேலையை நாம ஏன் கெடுக்கணும்? உங்க மீன் சாப்பிடறதுக்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தை காய்ச்சல்ல படுக்கக் கூடாது.

அடுத்து வழக்கமா வர்ற ரெண்டு எதிர்வாதம்.

"எங்க சித்தப்பா ஹார்லிக்ஸ் பாட்டில்லயே வளர்த்தார், வயல்ல கொஞ்சூண்டு தண்ணியிலதானே இருக்கு?" வயல்ல ஆழம்தாங்க கம்மி, அகலம் ஏக்கர் கணக்குல. தண்ணிக்கு மேல வந்து காத்தை நேரா சுவாசிக்கிற உறுப்பு இருக்கிறதால ஃபைட்டர் பாட்டில்ல உடனே சாகாது. சாகாம இருக்கிறதும் வாழ்றதும் ஒண்ணா? பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர் தங்கி பேச்சிலர் வாழ்க்கை வாழ்ந்த நமக்கே இது புரியலைன்னா எப்படி?

"நூறு ரூபா மீனுக்கு ஆயிரம் ரூபா செலவா?" இந்தக் கேள்விதான் எனக்கு நிஜமாவே வலிக்கிறது. விலை கம்மிங்கிறதாலதான் இந்த மீனை நாம தீனி மாதிரி, ரீசார்ஜ் கார்டு மாதிரி வாங்கிப் போடறோம். செத்தா இன்னொண்ணு. வீட்டுல இருக்கிற குழந்தை இதைப் பார்த்துக்கிட்டே இருக்கு. பாத்ரூம்ல ஃப்ளஷ் பண்ணிட்டு, "விடு செல்லம், சண்டே வேற வாங்கலாம்"னு சொல்றப்ப குழந்தை என்ன கத்துக்குது? உயிருக்கு விலை உண்டு, அது நூறு ரூபான்னு கத்துக்குது. இதுல இன்னொரு கூட்டம், வளர்க்க முடியலைன்னு கொண்டுபோய் ஏரியில விடறாங்க. தொட்டி சுத்தம் பண்ணும்னு வாங்கின சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு ஏரிகள்ல பரவி வலையெல்லாம் கிழிக்குது. பல்லாவரம் பெரிய ஏரியை நடுவுல ரோடு போட்டு ரெண்டாக்கினது போதாதா, மீனையும் வேற கொட்டணுமா?

கடைக்காரங்க மேலயும் எனக்கு வருத்தம் உண்டு. "இதுக்கு ஒண்ணுமே வேணாம்ணே, ஃபில்டர் வேணாம், மோட்டார் வேணாம், டெய்லி ரெண்டு உருண்டை போடுங்க, அவ்ளோதான்." இதைச் சொல்லித்தான் விக்கிறாங்க. அவங்க பொழப்பு அது, புரியுது. கொளத்தூர்ல இருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்து வெயில்ல நின்னு விக்கிறவரு தொட்டி பத்தி பாடம் எடுத்தா வியாபாரம் நடக்காது. ஆனா வாங்கற நாம ஒண்ணே ஒண்ணு கேட்கலாம்: "அண்ணே, இது இப்ப என்ன சாப்பிடுது? என் கண்ணு முன்னாடி கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

இந்த ஒரு கேள்வி போதும்ங்க. சாப்பிட்டா வாங்குங்க, அதே தீனியை வாங்குங்க. சாப்பிடலைன்னா விட்டுடுங்க. நாலு பேர் இப்படிக் கேட்க ஆரம்பிச்சா, விக்கிறவங்களும் பெல்லட் பழக்கின மீனாக் கொண்டு வருவாங்க. சட்டம் போட்டு நடக்காதது சந்தையில கேள்வி கேட்டு நடந்திருக்கு.

உங்க வீட்டு மீன் என்ன சாப்பிடுது, எதுக்கு முகத்தைத் திருப்புதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. அனுபவஸ்தர்கள் நான் விட்டதையும் சொல்லுங்க.

டிஸ்கி: இது கால்நடை மருத்துவர் எழுதினது இல்லை, கோடு எழுதிப் பொழைக்கிற ஒருத்தன் எழுதினது. மீன் நிஜமாவே சீக்கா இருந்தா மருத்துவரைப் பாருங்க. "மீன் குழம்பு பத்தி எப்ப பதிவு?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: பாட்ஷா படிச்சிட்டிருக்காரு, பார்த்துப் பேசுங்க :-)